தென்னம்பிள்ளையும் ஒரு கைப்பிடி யூரியாவும்

தென்னந்தோப்புக்குள் நின்று மரங்களைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் ஒன்றிரண்டில் ஒரு விசித்திரம் தென்படும். அடிமரம் நன்றாகப் பருத்திருக்கும். பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் இடுப்பு ஒடுங்கினாற்போல் மெலிந்திருக்கும். அதற்கு மேலே மறுபடி பழைய பருமன். மெலிந்த இடம் உருவான காலத்தில் அந்த மரம் பட்டினி கிடந்திருக்கிறது. மழை பொய்த்திருக்கலாம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போயிருக்கலாம், மண்ணில் சாம்பல் சத்து தீர்ந்திருக்கலாம். எந்த ஆண்டு என்றுகூட ஏறக்குறையச் சொல்லிவிட முடியும். வளர்ந்த தென்னை ஆண்டுக்கு 12 முதல் 14 மட்டைகள் விடும். விழுகிற ஒவ்வொரு மட்டையும் தண்டில் ஒரு வடுவை விட்டுப்போகும். கொண்டையில் இன்னும் நிற்கும் மட்டைகளையும் சேர்த்து, மேலிருந்து கீழாக வடுக்களை எண்ணிக்கொண்டு வந்தால் கணக்கு கிடைத்துவிடும்.

மாமரத்திலும் வேம்பிலும் இப்படி ஒரு சாட்சியம் நிற்பதில்லை. அவற்றில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய திசு இருக்கிறது. அது உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே போகும். இளமையில் நோஞ்சானாக இருந்த மாங்கன்றை ஐந்தாம் ஆண்டில் கவனிக்க ஆரம்பித்தால்கூட, பிறகு அடிமரம் பருத்துப் பழைய குறையை உள்ளே மூடிவிடும். தென்னையோ நெல்லுக்கும் மூங்கிலுக்கும் பங்காளி. ஒருவித்திலைத் தாவரம், கேம்பியம் கிடையாது. உச்சியில் இருக்கும் ஒரே ஒரு குருத்து எந்தப் பருமனில் தண்டைக் கட்டியதோ, பெரும்பாலும் அதுவே ஆயுளுக்கும் அந்த இடத்தின் பருமன். பிற்பாடு எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் ஒடுங்கிய இடம் ஒடுங்கியதுதான்.

அதனால்தான் இளங்கன்றுக்கு உரமிடுவது பற்றிப் பேசத் தென்னையை எடுத்துக்கொள்கிறேன். மற்ற மரங்கள் மன்னித்துவிடும் தவறுகளை இது மன்னிப்பதில்லை.

நெட்டை ரகத் தென்னை நட்ட முதல் நான்கைந்து ஆண்டுகள் தண்டே காட்டாது. மட்டைகள் தரையிலிருந்தே கிளம்பி விரிந்து நிற்கும். பார்க்கிறவருக்கு அது வளராமல் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அந்தக் காலம் முழுக்க மண்ணுக்கடியில் குருத்து அகலமாகிக்கொண்டிருக்கிறது. கவிழ்த்துவைத்த கூம்பு வடிவில் அடித்தண்டு உருவாகி, வரப்போகும் மரத்தின் முழுப் பருமனையும் எட்டிய பிறகுதான் மேல்நோக்கிய பயணம் தொடங்கும். வேளாண் நிலையங்கள் கன்று தேர்வு செய்யச் சொல்லும்போது உயரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம். ஒன்பது மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள கன்றில் ஆறு ஓலையாவது இருக்க வேண்டும், கழுத்துச் சுற்றளவு 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஓலை சீக்கிரமே கீற்றாகப் பிரிய ஆரம்பித்திருக்க வேண்டும் என்பவைதான் அவர்கள் பார்க்கும் குறிகள். நெடுநெடுவென்று நிற்கும் கன்று பெரும்பாலும் நிழலில் வெளிச்சம் தேடி நீண்டது.

ஆனால் நட்டவருக்கு அவசரம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தலைமுறையாகக் காய்த்துக்கொண்டிருந்த தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்தன. அங்கே மறுபடி கன்று வைத்தவர்கள் ஆறேழு ஆண்டுகள் வருமானமில்லாமல் காத்திருக்க வேண்டியவர்கள். அவர்களிடம் பொறுமையைப் போதிக்க யாருக்கும் வாய் வராது. உரக்கடையில் போய் நின்றால் கிடைக்கும் ஆலோசனை எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: “ஒரு கைப்பிடி யூரியாவத் தூவி விடுங்கண்ணே, சரசரன்னு எந்திரிச்சிரும்.”

அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம், ஆக 23 கிராம் தழைச்சத்து. எதிரே நிற்கும் கன்றின் ஓலை, தண்டு, வேர் எல்லாவற்றையும் காயவைத்து நிறுத்தால் கால் கிலோ தேறும் என்று கொள்வோம். தாவர உடம்பில் காய்ந்த எடையில் நைட்ரஜன் ஒன்று, ஒன்றரை சதவீதம் இருக்கும். அதாவது அந்தக் கன்று பிறந்ததிலிருந்து இதுவரை சேர்த்துவைத்திருக்கும் நைட்ரஜன் மொத்தமே மூன்று நான்கு கிராம். ஒரே வீச்சில் நாம் தூவியது அதைப்போல் ஆறேழு மடங்கு. கன்று அடுத்த இரண்டு மாதத்தில் இரட்டிப்பாக வளர்ந்தாலும் அதற்கு இன்னும் மூன்று நான்கு கிராம்தான் வேண்டும். மிச்சம் எங்கே போகும்?

மூன்று வழி இருக்கிறது. ஈரமான மண்ணில் யூரியா விழுந்ததும் யூரியேஸ் என்ற நொதி அதை உடைக்க ஆரம்பிக்கிறது. சில நாட்களுக்குள் அது அம்மோனியாவாக மாறும். மேலாகத் தூவிவிட்டு மூடாமல் வெயிலில் விட்டால் அதில் கணிசமான பங்கு காற்றோடு போய்விடும். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் வாடையே தெரியும். மண்ணுக்குள் நின்ற பங்கை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் மண் துகளில் ஒட்டாது. கடலோர மணற்பாங்கான நிலத்தில் ஒரு நல்ல மழை பெய்தால் வேர் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும். மூன்றாவது வழிதான் கன்றுக்கு ஆபத்து. கழுத்தை ஒட்டிக் குவியலாக விழுந்த யூரியா உடையும்போது அந்த இடத்தில் அம்மோனியா செறிவு ஏறி, காரத்தன்மை கூடி, இளவேர் நுனி கருகும். இதோடு மற்ற உர உப்புகளும் சேர்ந்தால் மண் ஈரம் உப்புக்கரைசலாகிவிடும். வேர் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக இழந்துவிடும். ஓலை நுனி காய்வதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

தழைச்சத்து அதிகமாகும்போது செடியின் உள்கணக்கும் மாறுகிறது. மண்ணில் நைட்ரஜன் தாராளமாக இருந்தால் செடி ஓலைக்கும் தண்டுக்கும் கூடுதலாகச் செலவழித்து, வேருக்கு ஒதுக்கும் பங்கைக் குறைத்துக்கொள்ளும். குறைவாக இருந்தால் நேர்மாறாக வேரை நீட்டித் தேடும். தண்ணீர் வசதியுள்ள தோட்டத்தில் இதனால் பெரிய கேடில்லை. ஆனால் கோடையில் மோட்டார் கைவிட்டால், பெரிய ஓலைக் கூட்டத்தைச் சின்ன வேர் தாங்க வேண்டியிருக்கும்.

தென்னங்கன்று விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சாலையோரம் தள்ளுவண்டியில் தேங்காய்ப்பூ விற்கிறார்களே, முளைத்த தேங்காயின் வயிற்றை நிறைத்துக்கொண்டு வெள்ளைப் பஞ்சு உருண்டையாக இருக்குமே, அதுதான் கன்றின் முதல் சமையலறை. அது பருப்பைக் கரைத்து உறிஞ்சி முளைக்கு அனுப்பும். ஓலை விட்டு நிற்கும் கன்றுகூடப் பல மாதங்கள் காயிலிருக்கும் சேமிப்பில் பெருமளவு வாழ்ந்துகொண்டிருக்கும். நட்ட அன்றைக்கே உரம் போட்டுத்தான் அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை. அந்தக் கட்டத்தில் அதற்கு வேண்டியது ஈரமும், வேர் இறங்க இளகிய மண்ணும். 3 அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து மேல்மண்ணும் மக்கிய எருவும் மணலும் கலந்து நிரப்பச் சொல்வது இதற்காகத்தான். காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம், 1916இல் அந்தப் பகுதி சென்னை மாகாணத்தில் இருந்தபோது தென்னை ஆராய்ச்சிக்கென்றே தொடங்கப்பட்ட நிலையம். அதன் பரிந்துரைப்படி முதல் உரம் நட்டு மூன்று மாதம் கழித்து. அதுவும் வளர்ந்த மரத்துக்கான அளவில் பத்தில் ஒரு பங்குதான்.

வளர்ந்த நெட்டை மரத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். இதை ஐந்தாம் ஆண்டில்தான் முழுதாகக் கொடுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் கால் பங்கு, மூன்றாம் ஆண்டில் அரை, நான்காம் ஆண்டில் முக்கால். ஒவ்வொரு ஆண்டின் பங்கையும் ஜூன் – ஜூலையிலும் டிசம்பர் – ஜனவரியிலுமாக இரண்டாகப் பிரிக்க வேண்டும். மணல் நிலமானால் இன்னும் பிரித்துப் போட்டாலும் நல்லதுதான். கைப்பிடி யூரியா தன்னளவில் பெரிய குற்றமில்லை என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரிகிறது. எப்போது, எங்கே, எதோடு சேர்த்துப் போட்டோம் என்பதில்தான் கன்றின் கதி இருக்கிறது.

அந்த ‘எதோடு’ என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன பட்டியலில் யூரியாவைவிடப் பொட்டாஷ் அதிகம். தென்னைக்குத் தழைச்சத்தைவிடச் சாம்பல் சத்து கூடுதலாக வேண்டும். காயும் மட்டையும் மண்ணிலிருந்து கொண்டுபோவதில் பெரும்பங்கு பொட்டாசியம்தான். ஆனால் தோப்புகளில் நடப்பது தலைகீழ். மானியத்தால் 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையோ சில ஆண்டுகளாக 1,500 ரூபாயை ஒட்டியும் தாண்டியும் விற்கிறது. 2010இல் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் வந்தபோது யூரியா அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. மற்ற உரங்களின் விலை ஏறியது, யூரியா விலை அங்கேயே நின்றது. விவசாயி எதை அள்ளுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. இதை அறியாமை என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் கடைச் சிட்டையைப் பார்த்ததில்லை.

பொட்டாசியம் குறைந்தால் ஓலையில் தெரியும். கன்றின் ஆக முதிர்ந்த, கீழ்வரிசை ஓலையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மஞ்சளும் ஆரஞ்சுமாக, ஒளி ஊடுருவும் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அது பொட்டாசியப் பஞ்சம். முற்றினால் கீற்றின் நுனியும் ஓரமும் காயும். அதே கீழ் ஓலையில் நடுப்பகுதி பச்சையாகவும் ஓரம் பளிச்சென்ற மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறை. இரண்டுமே கீழ் ஓலையில் தெரிவதற்குக் காரணம் உண்டு. பொட்டாசியம், மக்னீசியம், நைட்ரஜன் ஆகியவை செடிக்குள் இடம் மாறக்கூடியவை. மண்ணில் கிடைக்காதபோது குருத்து தன் தேவையைப் பழைய ஓலையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். போரான், இரும்பு, மாங்கனீசு போன்றவை எளிதில் இடம்பெயராதவை. அவை குறைந்தால் குருத்தோலைதான் முதலில் நோகும். போரான் இல்லாத குருத்தோலை முழுதாக விரிய முடியாமல், கீற்று நுனி கொக்கிபோல் வளைந்து, மடிப்பு மடிப்பாக நிற்கும். எந்த ஓலையில் குறி தெரிகிறது என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பொட்டாசியம் குறைந்த கன்றுக்கு யூரியா மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? தழைச்சத்து கிடைத்ததும் குருத்து புது ஓலை விடப் பார்க்கும். புது ஓலைக்குப் பொட்டாசியம் வேண்டும், மண்ணில் இல்லை. ஆக, கீழ் ஓலைகளிலிருந்து இன்னும் வேகமாகப் பிடுங்கும். மேலே பச்சை, கீழே காய்ச்சல். சில வாரங்களுக்குக் கடைக்காரர் சொன்னது பலித்ததுபோல் இருக்கும். இழுபறி நீடித்தால் கொண்டையில் நிற்கும் ஓலைகளின் எண்ணிக்கை குறைந்து, பிறகு வரும் தண்டு ஒடுங்கும். ஃபுளோரிடாவில் அலங்காரப் பனைவகைகளில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகளும் இதையே காட்டின. தழைச்சத்து மிகுந்த புல்வெளி உரத்தைப் பனைகளுக்குப் போட்டதால் பொட்டாசியப் பற்றாக்குறை முற்றியது. அதே ஆய்வுகளில் தெரிந்த இன்னொரு செய்தி நம் தோப்புகளுக்கு அப்படியே பொருந்தும். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று மஞ்சள் ஓலைகளை வெட்டி எறிவது, மரம் வட்டி இல்லாமல் எடுத்துக்கொண்டிருந்த கைமாற்றைப் பறிப்பதற்குச் சமம். வெட்டினால் குருத்து அடுத்த வரிசை ஓலையில் கைவைக்கும். தானாகக் காய்ந்து தொங்கும்வரை விட்டுவிடுவதே நல்லது.

பொட்டாஷ் உரம் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. அதிலிருக்கும் குளோரினைப் பல பயிர்களுக்கு ஆகாத சுமையாகக் கருதுவார்கள், புகையிலைக்காரர்கள் அதைக் கிட்டேயே சேர்ப்பதில்லை. தென்னைக்கோ அது தேவைப்படும் சத்து, இலைத்துளைகள் திறந்து மூடுவதில் அதற்குப் பங்கிருக்கிறது. கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் தோப்புகளுக்குச் சாதாரண உப்பையே உரமாகப் போடும்படி பிலிப்பைன்ஸ் தென்னை ஆணையம் பரிந்துரைக்கிறது. நம் பக்கத்தில் குழியில் உப்புப் போட்டுத் தென்னை வைக்கும் பழைய வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். செம்பொறை மண்ணில் குழிக்கு 2 கிலோ உப்புப் போடச் சொல்லும் பரிந்துரையும் உண்டு, அது கெட்டி மண்ணை இளக்குவதற்காக. களிமண்ணிலும் ஏற்கெனவே உவராகிப்போன நிலத்திலும் இதைச் செய்தால் கன்று மிஞ்சாது.

உரமே பதிலாக இல்லாத இடங்களும் உண்டு. இதற்குப் பியூர்ட்டோ ரிக்கோவின் பைன் மரங்களைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியாது. கரீபியக் கடலிலுள்ள அந்தத் தீவில் இயற்கையாகப் பைன் கிடையாது. 1930களிலிருந்து கொண்டுவந்து நட்டுப் பார்த்தார்கள். விதை முளைக்கும், கன்று கொஞ்சம் எழும்பும், வெளிறும், சாகும். மழைக்குக் குறைவில்லை, வெயிலுக்குக் குறைவில்லை. 1955இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் பைன் மரங்களுக்கு அடியிலிருந்து மண் எடுத்து வந்து சில கன்றுகளைச் சுற்றிக் கலந்தார்கள். அந்தக் கன்றுகள் பச்சை பிடித்து எழுந்தன. பக்கத்தில் மண் கலக்காமல் விட்டவை பழையபடியே நலிந்தன. வந்த மண்ணோடு வந்தது ஒரு பூஞ்சை. பைன் வேரைப் போர்த்திக்கொண்டு, வேர் நுழைய முடியாத இடுக்குகளுக்கெல்லாம் இழை நீட்டி, பாஸ்பரஸைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும் பூஞ்சை. இந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா என்று 1885இல் பெயர் வைத்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானை வளர்க்க வழி தேடச் சொல்லி பிரஷ்ய அரசு அவரை அமர்த்தியிருந்தது. காளான் வளர்ப்பு கைகூடவில்லை, கிடைத்தது இதுதான்.

தென்னை, மா, தேக்கு ஆகியவற்றின் வேரிலும் இந்த வகைக் கூட்டு உண்டு. பூஞ்சை வேறு, வேலை ஒன்று. பாஸ்பரஸ் மண்ணில் நகராது, போட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும் என்பதால் வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும், அங்கேதான் பூஞ்சையின் இழை உதவுகிறது. ‘வேர் நன்றாகப் பிடிக்கட்டும்’ என்று பாஸ்பரஸ் மிகுந்த டி.ஏ.பி. உரத்தைக் குழியில் அள்ளிக் கொட்டினால் என்ன நடக்கும் என்றால், பாஸ்பரஸ் எளிதாகக் கிடைக்கும் இடத்தில் செடி இந்தக் கூலியாளை நிறுத்திவிடும். சர்க்கரை கொடுத்து வைத்துக்கொள்ள அதற்கு அவசியமில்லை. பாஸ்பரஸோடு துத்தநாகத்தையும் அந்தப் பூஞ்சை கொண்டுவந்துகொண்டிருந்தது என்பது பிறகு இலை சிறுத்துப்போகும்போது தெரியவரும்.

துத்தநாகம் என்றதும் ஆஸ்திரேலியா நினைவுக்கு வருகிறது. அங்கே நட்ட ரேடியேட்டா பைன் தோப்புகள் சில நிலங்களில் நுனி கருகி, ஊசியிலை கொத்துக் கொத்தாகக் குட்டையாகி நின்றன. 1930களில் காரணத்தைக் கண்டுபிடித்தபோது மருந்து துத்தநாக சல்பேட் தெளிப்பு என்றாயிற்று. பிரேசிலின் யூக்கலிப்டஸ் தோப்புகளில் நுனி காய்ந்து மடிந்ததற்குப் போரான் குறை காரணம், மரத்துக்குச் சில கிராம் போராக்ஸ் போதும். இந்த மாதிரி இடங்களில் உரம் உண்மையிலேயே மாயம்போல் வேலை செய்யும். ஆனால் அது யூரியா அல்ல, பொட்டாஷும் அல்ல. எது குறைகிறதோ அதுதான் வேகத்தை நிர்ணயிக்கும், மற்றதைக் கூட்டி ஒன்றும் ஆகாது என்பதை ஜெர்மனியில் கார்ல் ஸ்பிரெங்கல் 1828இலேயே எழுதிவிட்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதைப் பரப்பிய வேதியியலாளர் லீபிக்கின் பெயர்தான் பாடப்புத்தகத்தில் நின்றுவிட்டது.

அடுத்து, போட்ட உரத்துக்குக் கன்றோடு போட்டியிடும் களைக்கு வருவோம். பிரிட்டனின் வன ஆணையம் 1987இல் மரக்கன்றும் களையும் பற்றி மட்டுமே ஒரு கையேடு வெளியிட்டது. புல் மண்டிய இடத்தில் கன்றுக்கு உரமும் தண்ணீரும் கொடுத்தால் புல்தான் கொழுக்கும், கன்று முன்னைவிடத் தேய்ந்தாலும் தேயும் என்று அது எச்சரித்தது. அதைவிட எதிர்பாராத செய்தி, புல்லை மட்டமாக வெட்டிவிட்டால் போதாது என்பது. வெட்டிய புல் மறுபடி தளிர்விட்டு, அதே ஈரத்தைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். கன்றைச் சுற்றி ஒரு வட்டம் வெறும் மண்ணாகவோ மூடாக்காகவோ இருக்க வேண்டும். வளர்ந்த தென்னைக்கு வட்டப்பாத்தி ஆரம் 1.8 மீட்டர், ஏனென்றால் சத்து எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள் இருக்கிறது. ஆணிவேர் இல்லாத மரம் இது. ஒரே தடிமனில் ஆயிரக்கணக்கில் கிளம்பும் வேர்களின் நுனிப்பகுதிதான் உறிஞ்சுகிறது. எனவே உரம் தண்டின் அடியில் அல்ல, நுனிகள் இருக்கும் இடத்தில் விழ வேண்டும். முதலாண்டுக் கன்றுக்குக் கழுத்தைவிட்டு ஒரு அடி, ஒன்றரை அடி தள்ளி வட்டமாகத் தூவி, லேசாகக் கொத்தி மூடி, தண்ணீர் விட்டால் போதும். பாத்தியை ஆண்டுதோறும் அகலப்படுத்திக்கொண்டே போக வேண்டும். வருமானத்துக்காக நடுவில் வாழை வைப்பவர்கள், வாழையும் பொட்டாஷுக்குப் பேயாய் அலையும் பயிர் என்பதைக் கணக்கில் எடுத்து அதற்குத் தனியாகப் போட்டுவிட வேண்டும்.

தொழு உரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நல்ல தொழு உரத்தில் நைட்ரஜன் அரை சதவீதம்தான். 10 கிலோவில் 50 கிராம், அதாவது 110 கிராம் யூரியாவுக்குச் சமம், அதிலும் ஒரு பகுதிதான் முதல் ஆண்டில் வெளிவரும். சத்துக்காக என்று பார்த்தால் அற்பம். மணல் நிலத்தில் ஈரத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்துவைக்கும் வேலைக்கு அதைவிட்டால் வேறு ஆள் இல்லை. ஆனால் மக்காத சாணத்தைக் கன்றின் அடியில் கொட்டக் கூடாது. எருக்குழியைக் கிளறினால் ஆங்கில ‘சி’ எழுத்துபோல் சுருண்டு கிடக்கும் கட்டைவிரல் தடிமன் வெள்ளைப்புழுக்கள் காண்டாமிருக வண்டின் குஞ்சுகள். வளர்ந்து வண்டானதும் நேரே வந்து குருத்தைத் துளைக்கும். விரியும் ஓலையில் விசிறியை வெட்டினதுபோல் முக்கோண வெட்டு தெரிந்தால் வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். இளங்கன்றில் ஒரே ஒரு குருத்துதான் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையை எருக்குழியில் ஊற்றி வைத்தால் அந்தப் புழுக்களைப் பெருமளவு அடக்கலாம்.

வேகமாக வளரும் திசு பூச்சிக்கும் பிடித்தமானது. 1992இல் டேனியல் ஹெர்ம்ஸ், வில்லியம் மேட்சன் இருவரும் வளர்வதா, தற்காத்துக்கொள்வதா என்ற தாவரங்களின் இக்கட்டைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வுரை எழுதினார்கள். ஒரே கார்பன் வருமானத்திலிருந்துதான் புது இலையும் கட்ட வேண்டும், பூச்சியை விரட்டும் டானின் போன்ற பொருள்களும் செய்ய வேண்டும். தழைச்சத்தால் வளர்ச்சி முடுக்கப்படும்போது இரண்டாவது செலவு சுருங்குகிறது. தழைச்சத்து மிகையான மாந்தோப்பில் தளதளவென்று தளிர் விடும், கூடவே சாறு உறிஞ்சும் பூச்சிகளும் வந்து சேரும்.

கட்டைக்காக வளர்க்கும் மரங்களில் இன்னொரு பயம் உண்டு: உரம் போட்டு வேகமாக வளர்த்தால் மரம் சோடையாகிவிடும் என்பது. பைன் போன்ற ஊசியிலை மரங்களில் அதில் உண்மை இருக்கிறது. தேக்கில் அவ்வளவு இல்லை. தேக்கு ஆண்டுதோறும் பருவத் தொடக்கத்தில் பெரிய குழாய்கள் கொண்ட ஒரு வளையமும் பிறகு அடர்த்தியான கட்டையும் போடுகிறது. வேகமாக வளர்ந்தால் கூடுவது பெரும்பாலும் அந்த இரண்டாம் பகுதிதான். அதனால் வேகம் ஒன்றை மட்டும் வைத்துக் கட்டையைக் குறைசொல்ல முடியாது. குறை இருந்தால் அது வயதில்தான் இருக்கும், வைரம் ஏற ஆண்டுகள் வேண்டும். 1990களில் தேக்குக்கன்று பெயரில் பணம் திரட்டிய நிறுவனங்கள் இருபது ஆண்டில் நிலம்பூர்த் தேக்கின் விலையைக் காட்டிக் கணக்குப் போட்டபோது விழுங்கியது இந்த வைரத்தைத்தான்.

மறுபடி தென்னைக்கே வருகிறேன், ஏனென்றால் வேகம் என்பதற்கு அதில் ஓர் உறுதியான எல்லை இருக்கிறது. ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளைக்கு இடம் உண்டு. ஆக, மரம் எத்தனை மட்டை விடுகிறது என்பதுதான் எத்தனை குலை வரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. நல்ல பராமரிப்பால் கூட்டக்கூடியது இந்த எண்ணிக்கையைத்தான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் குருத்தோலை புதிதாகப் பிறந்ததல்ல. கொண்டைக்குள் மறைவாக இரண்டாண்டுக்கு மேல் உருவாகிய பிறகே வெளியே வருகிறது. பாளை இன்னும் மெதுவானது. பாளை வெடிப்பதற்கு ஏறத்தாழ 32 மாதங்களுக்கு முன்பே அதன் கரு உருவாகிவிடுகிறது. வெடித்து, குரும்பை பிடித்து, முற்றிய காயாக இன்னும் ஓராண்டு ஆகும். இன்று போடும் பொட்டாஷ் ஓலையின் நிறத்தைச் சில மாதங்களில் மாற்றலாம், குரும்பை கொட்டுவதைக் குறைக்கலாம். புதுப்பாளையின் எண்ணிக்கையில் அது தெரிய இரண்டரை, மூன்று ஆண்டு ஆகும்.

பென்சில் தடிமன் உயிர்வேரைத் தேடி எடுத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, தென்னை டானிக் ஊற்றிய பையில் நுழைத்துக் கட்டியவர் “அடுத்த மாசமே பாளை வந்துடுச்சு” என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. பாளை வந்தது உண்மைதான். ஆனால் அது கருவானது மூன்று ஆண்டுக்கு முந்தைய ஒரு மழைக்காலத்தில். அப்போது அந்தக் கன்றுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் யோசித்துவிட்டுத்தான் சொல்வார்.